காது கட்டிய பெட்டி

எங்கள் வீட்டில் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த சிடி பிளேயர் ஒன்று இருந்தது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் இவர் சொந்தமாக ஒன்று கட்ட உட்கார்ந்தார். இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படாதே என்று சொல்வார்கள். சொன்னால் கேட்கிற ஆளாக இருந்தால்தானே சொல்வதற்கு.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். மின்விசிறி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அங்கே இவர் பெயரே 'காது'தான். ஓடுகிற மோட்டாரின் மேல் காதை வைத்து, கண்ணை மூடி, இது தேறும், இது தேறாது என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. இன்ஜினியர்கள்கூட, "காது என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்களாம். கல்யாணமான புதிதில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது இவருக்குக் கேட்கும். அப்படியிருக்க, நான் அடுக்களையில் முணுமுணுப்பது கேட்காதா? பாம்புச் செவி. மனதுக்குள் திட்டுவதைக்கூட நான் சத்தமில்லாமல் திட்டப் பழகிக்கொண்டேன்.

போன வருஷம் இவரை அந்த மோட்டார் மேசையிலிருந்து எடுத்து, விசிறிகளை அட்டைப்பெட்டியில் கட்டுகிற பிரிவுக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். கை வைத்த நாற்காலி கொடுத்தார்கள். பதவி உயர்வு என்று கைகுலுக்கினார்கள். இவருக்கு ஒரே எரிச்சல்.

"என் எடத்துல ஒரு மெஷின வெச்சிருக்கான். மெஷினுக்கு என்ன காதா இருக்கு?" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டார்.

எனக்கும் ஆத்திரமாகத்தான் வந்தது. இத்தனை காலம் உழைத்தவரை இப்படியா மூலையில் உட்கார வைப்பார்கள் என்று நான்கூட இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தொழிற்சாலையில் குற்றம் கண்டுபிடிக்க ஒன்றுமில்லாமல் போனதும் இவர் வீட்டுக்குள் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். முதலில் மாட்டிக்கொண்டது சிடி பிளேயர். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையிலிருந்து வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து நாலு பாட்டுக் கேட்பேன். அந்த நாளில் எனக்கென்று இருந்த சொத்து அந்த அரைமணி நேரம்தான்.

"இதுல சலங்கைச் சத்தமே வரல. போர்வையப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு" என்றார்.

"எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். மருந்துப் பெட்டி விற்கிறவளுக்குச் சலங்கையைப் பற்றி என்ன தெரியும் என்கிற பார்வை.

ஸ்பீக்கர் துணியைக் கிழித்தார். சலங்கை வரவில்லை. விரல் பருமனுக்கு ஒயர் வாங்கி மாட்டினார். வரவில்லை. ஜன்னல் திரை சத்தத்தைக் குடிக்கிறது என்று அதைக் கழற்றினார். எதிர்வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் சாப்பிடுவது தெரிந்ததே தவிர, சலங்கை வரவில்லை. பிறகு சோபாவின் மேல் சந்தேகம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஒரு படி மேலே போய்க் கூடத்தையே திருப்பிப் போட்டார். சுவரைப் பார்க்கும் சோபாவில் உட்கார்ந்து நான் ஒரு மாதம் சுவரைப் பார்த்தேன்.

கடைசியில் இவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சங்கம் கூடி முடிவு சொன்னது. இந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவரைத் தவிர மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர், நாள் முழுக்க ஊரார் பல்லைத் துளைக்கிறவர். இன்னொருவர் மைக்செட்காரர், ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நின்றே தலை நரைத்தவர். மூன்றாமவர் அச்சகக்காரர், தடதடவென்று மெஷின் ஓடும்போது அதற்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கக்கூடியவர். நல்ல சத்தம் எது, கெட்ட சத்தம் எது என்று தீர்ப்புச் சொல்ல இந்த ஊரில் அமைந்தவர்கள் இவர்கள்தான். ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்க மாட்டார்கள். பத்து விநாடி போடுவார்கள், நிறுத்துவார்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதுவும் சாதாரணப் பேச்சா? தெருக்கோடிவரை கேட்கும். ரசனை முற்றினால் குரல் உயரும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"சிலிக்கான் சில்லு வந்ததும் சத்தத்தோட உயிர் போச்சு சார்" என்று கத்தினார் மைக்செட்காரர். "வால்வு வெச்சுக் கட்டுங்க. அப்பப் பாருங்க சலங்கைய."

வால்வு என்பது, பழைய ரேடியோவுக்குள் மஞ்சளாக எரியுமே, அந்தக் கண்ணாடிக் குமிழ். அது எரிந்து முடிந்து, உலகமே அதைத் தூக்கிப் போட்டுப் பல காலம் ஆகிறது. தூக்கிப் போட்டதையெல்லாம் இவர் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

சிடியைச் சுழற்றுகிற பாகமும் அதைப் படிக்கிற கண்ணும் எங்கள் பிளேயரின் வயிற்றிலிருந்து வந்தன. வால்வுகள் இரண்டும் மைக்செட்காரர் கிடங்கில் செத்துக் கிடந்த ரேடியோவிலிருந்து வந்தன. வால்வுக்குக் கரண்ட் கொடுக்கும் பலகை, அச்சகக்காரர் வீட்டில் வெளியே எறிந்த பழைய குண்டு டிவியுடையது. இதையெல்லாம் வைக்கத் தகரக் கூடு வேண்டுமே. கதவு சரியாக மூடவில்லை என்கிற ஒரே குற்றத்துக்காக என் மைக்ரோவேவ் அடுப்பு குடல் உருவப்பட்டது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வேண்டும் என்று ஒரு நாள் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால் என் காஸ் அடுப்பில் ஒரு திருகைக் காணோம். அன்றிலிருந்து அந்த அடுப்பை நான் குறடு வைத்துத்தான் பற்ற வைக்கிறேன்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னைப் பேச வைத்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருந்தாரே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் அடுக்களையில் இருப்பேன், இவர் மேசையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஈயம் உருக்கிக்கொண்டிருப்பார். கடையில் நடந்ததைச் சொல்வேன். பதில் வராது. மகளுக்குக் காய்ச்சல் என்பேன். பதில் வராது. "ஏங்க, உங்களத்தான்" என்றால், சில நாள் ஒரு 'ம்' வரும். அந்த 'ம்' எதற்கு என்று யாருக்குத் தெரியும். கடையில் எனக்கு வேலை நேரம் மாறியதை நான் மூன்று தடவை சொன்னேன். அப்புறம் ஒரு நாள், "நீ ஏன் சாயங்காலத்துல வீட்டுல இருக்கே?" என்று என்னையே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரிதான் இந்த வீட்டுல பேசறது" என்று அந்த முதுகைப் பார்த்து நான் தினமும் சொல்லியிருக்கிறேன். முதுகு அசையாது. எவ்வளவு மதிப்பு பாருங்கள் நமக்கு என்று நினைப்பேன். மோட்டார் முனகினால் கேட்கும், பொண்டாட்டி பேசினால் கேட்காதா? போகப் போக நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். சுவரிடம் பேசினாலாவது பலன் உண்டு, அதுதான் எனக்கு எதிரிலேயே இருந்ததே.

அக்காவிடம் போனில் அழுதேன். அக்கா வெளியூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். தனியாள்.

"மாடி ரூம் சும்மாத்தாண்டி கெடக்கு. மதிக்காத வாசப்படிய எதுக்கு மிதிச்சுக்கிட்டு இருக்கே? வந்துடு" என்றாள்.

யோசித்தேன். மகளுக்குப் படிப்பு முடிந்து வேலையும் கிடைத்துவிட்டது. எனக்கும் இன்னும் கை கால் நன்றாக இருக்கிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லாமல் ஓடிப்போகிறவள் இல்லை நான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "அந்தப் பெட்டி வேலை முடியற அன்னிக்கு நான் அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மேசையில் ஈயப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"ம்" என்றார்.

ஒரு 'ம்'மில் என் கல்யாணம் முடிந்தது. சண்டை போட்டிருந்தால்கூட இருந்திருப்பேன். அன்றைக்கு நான் அழவில்லை. ஒரு பையை எடுத்து, நல்ல புடவைகளை மடித்து வைக்க ஆரம்பித்தேன்.

பெட்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. மத்தியான பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். பை படுக்கையறைக் கதவோரம் தயாராக இருந்தது. இவரிடம் சொன்னதை மகளிடமும் சொல்லியிருந்தேன். காலையிலிருந்து அவள் என்னிடமும் பேசவில்லை, அவரிடமும் பேசவில்லை. காலை பத்து மணிக்குச் சங்கம் வந்துவிட்டது. பல் டாக்டர் பட்டுத்துணி கொண்டுவந்து பெட்டியைத் துடைத்தார். என் மைக்ரோவேவ், நெற்றியில் இரண்டு கண்ணாடிக் குமிழும் வயிற்றில் காஸ் திருகுமாக மேசை நடுவில் உட்கார்ந்திருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவர் அதைப் பார்த்த மாதிரி மகள் பிறந்தபோதுகூடப் பார்க்கவில்லை.

சுவிட்சைப் போட்டார். குமிழ்கள் மெல்லச் சிவந்து மஞ்சளாயின. சிடி இன்னும் வைக்கவில்லை.

அதற்குள் ஆரம்பித்தது. கீ என்று ஒரு விசில். மெல்லியது, ஆனால் ஊசியை எடுத்துக் காதுக்குள் விட்டு, எடுக்காமலே நிறுத்திவிட்ட மாதிரி. நான் டீத் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே இருந்து மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

கூடத்தில் நான்கு பேரும் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஆனந்தமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தீங்களா" என்றார் பல் டாக்டர். "எவ்வளவு அமைதி. ஒரு இரைச்சல் கெடையாது."

"குண்டூசி விழுந்தாக் கேக்கும்" என்றார் அச்சகக்காரர்.

"போட்டுத்தான் பாப்பமே" என்றார் மைக்செட்காரர்.

அச்சகக்காரர் சட்டைப்பையில் எப்போதும் குண்டூசி இருக்கும். ஒன்றை எடுத்து, கையை உயர்த்தி, விரலை விரித்தார். நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆகா" என்றார் டாக்டர்.

"கணீர்னு கேட்டுச்சு" என்றார் மைக்செட்காரர். இவரும் தலையாட்டினார்.

ஊசி கால்மிதியின் மேல் விழுந்து, அதிலேயே குத்தி நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அப்பா, விசில் அடிக்குது" என்று கத்தினாள் மகள். "தாங்க முடியல. உங்க யாருக்கும் கேக்கலையா?"

"எந்த விசில்?" என்றார் இவர். நிஜமாகவே அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"போன்ல பாட்டுக் கேட்டுக் கேட்டு இந்தக் காலத்துப் பிள்ளைங்க காது கெட்டுப் போச்சு" என்றார் டாக்டர் அனுதாபத்தோடு. "சுத்தமான சத்தம் கேட்டா அதுங்களுக்கு வலிக்கும்."

பக்கத்து வீட்டு நாய் ஊளையிட ஆரம்பித்தது. அது மட்டும் இவர்களுக்குக் கேட்டுவிட்டது.

"நாய்க்குத் தெரியுது" என்றார் அச்சகக்காரர். சங்கம் சிரித்தது.

சிடி போட்டார்கள். பத்து விநாடி, சலங்கை. "வந்துடுச்சு" என்றார் இவர். கண்ணில் தண்ணீர். என் காதில் சலங்கையும் விழவில்லை, பாட்டும் விழவில்லை. கீ என்பதற்கு மேல் எதுவும் நுழைய இடமில்லை. அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் தட்டியது.

இவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். எப்போதும் பேசுகிற குரலில், "டீ ஆறுது" என்றேன். இவர் திரும்பவில்லை.

"உங்களத்தாங்க" என்றேன். திரும்பவில்லை.

அந்த வால்வில் ஒரு பூச்சி மோதினால் பூச்சியோடு சண்டைக்குப் போகிறவர் இவர். நான் குரலை உயர்த்தாமல், நிதானமாக, "இந்த ரெண்டு குமிழையும் இப்பப் பிடுங்கி அம்மிக்கல்லுல வெச்சு நசுக்கப் போறேன்" என்றேன்.

மகள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். இவர் பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

தட்டை மேசையில் வைத்தேன். இத்தனை மாதமாக நான் சங்கு ஊதிக்கொண்டிருக்கிறேன் என்று நானே வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் காதில் ஊதுகிறோம் என்று ஒரு தடவை முன்னால் வந்து பார்க்கவில்லை. முதுகைப் பார்த்தே கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மூன்று பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இவரிடம் மிச்சம் இருப்பதே அந்தப் பட்டப்பெயர் ஒன்றுதான். அவர்கள் டீயைக் குடித்து, எல்லாரும் சேர்ந்து கத்தி, தனக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்து இவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முகத்துக்கு நேராக.

"பெட்டி விசில் அடிக்குதுங்க" என்றேன்.

"நீயுமா" என்றார்.

"இப்பவும் அடிக்குது."

எழுந்து போனார். குனிந்தார். தொழிற்சாலையில் எப்படிச் செய்வாரோ அப்படி, அந்தத் தகரத்தின் மேல் காதைப் பதித்துக் கண்ணை மூடினார். அவ்வளவு பக்கத்தில் அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அசையாமல் நிற்பதைப் பார்க்கவே எனக்குப் பல் கூசியது.

"தேறும்" என்றார்.

பிறகு கண்ணைத் திறந்தார். மகள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. இவர் அதையே பார்த்தார். கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார். மகள் கையை இறக்கினாள், நான் மூச்சு விட்டேன். மறுபடியும் போட்டார். நாங்கள் முகத்தைச் சுளித்தோம். அணைத்தார். போட்டார். மோட்டாரைச் சோதித்த மனிதர் இப்போது எங்கள் முகத்தை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை செய்தாலும் முகங்கள் மாற்றிச் சொல்லவில்லை.

கடைசியாக அணைத்துவிட்டு, "அப்ப அந்த நாற்காலி..." என்றார். கை வைத்த நாற்காலியை எதற்குக் கொடுத்தார்கள் என்று அப்போதுதான் இவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. ஒரு தொழிற்சாலைக்கே தெரிந்திருக்கிறது. சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

"நாளைக்கே காது டாக்டர்கிட்டப் போகலாம்ப்பா" என்றாள் மகள், முன்னால் வந்து நின்று.

"நம்ம பல் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு..."

"அவரையும் கூட்டிக்கிட்டே போகலாம்."

"நான் இத்தன நாளா பேசினது?" என்றேன்.

"பேசினியா?"

"தெனமும்."

"நீ பேசறதையே விட்டுட்டேன்னு நெனச்சேன்" என்றார். "என் மேல ஏதோ கோபம், கேட்டாலும் நீ சொல்ல மாட்டேன்னு நெனச்சேன். வீடே வெறிச்சுனு ஆயிடுச்சு. மனுஷக் குரல்தான் இல்ல, பாட்டாவது ஒழுங்காக் கேக்கட்டுமேன்னுதான் இத எடுத்துக்கிட்டு உக்காந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மறைத்துக்கொள்ளவில்லை. அழுவதற்குச் சத்தம் தேவையில்லை என்பதால் அது இவருக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து, என்ன செய்வது என்று தெரியாமல், பல் டாக்டரின் பட்டுத்துணியை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு பெட்டியைத் திரும்பிப் பார்த்து, "அந்த டிவிப் பலகையில ஒரு கெபாசிட்டர மாத்தினா விசில் நின்னுடும்" என்றார். இவரைத் திருத்தவே முடியாது. அப்புறம் இவர் கண் படுக்கையறைக் கதவோரம் போனது.

"அது என்ன பை?"

"தைக்கக் குடுக்க வேண்டிய துணி" என்றேன்.

அப்போது போன் அடித்தது. அது அடிப்பது இவருக்குத் தெரியவில்லை. பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன். அக்கா.

"கெளம்பிட்டியாடி? பஸ்ஸுக்கு நேரமாச்சே" என்றாள். பிறகு குரலை இறக்கி, "அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

இவர் என் வாயைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார், கெட்டிக்காரர். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அவர்கிட்ட நான் இன்னும் சொல்லவே இல்லக்கா" என்றேன்.